அவர்கள் அழைத்த சாட்சி

2015ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26ஆம் நாள். அமெரிக்க நாட்டின் செனட் சபை. ஒக்லஹோமா மாநிலத்து உறுப்பினர் ஜேம்ஸ் இன்ஹோஃப் பேச எழுகிறார். கையிலே ஒரு பை. பைக்குள்ளிருந்து ஓர் உருண்டை வெளிவருகிறது. வெடிகுண்டோ என்று அஞ்ச வேண்டாம், பனி உருண்டைதான். வெளியே தரையில் கிடந்த பனியைத் திரட்டி எடுத்து வந்திருக்கிறார். ‘வெளியே இவ்வளவு குளிர் இருக்கிறதே, உலகம் சூடேறுகிறதாமே!’ என்ற பொருள்படப் பேசி, அவைத் தலைவர் இருந்த பக்கமாக அந்த உருண்டையை எறிகிறார்.

நாடகம் எழுதிப் பழகியவன் நான். மேடையில் இப்படியொரு காட்சி வைத்தால், மிகைப்படுத்தி விட்டாய் என்று நம் நண்பர்களே கடிந்து கொள்வார்கள். செனட்டிலோ சிரித்தவர் சிலர்; சிந்தித்தவர் மிகச் சிலர். இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று அந்த மனிதர் சுற்றுச்சூழலைக் காக்கும் செனட் குழுவுக்கே தலைவர்!

உருண்டையை விட்டுத் தள்ளுங்கள், தோழர்களே. அது உருகிப் போயிற்று. எறிந்தவரும் 2024இல் மறைந்து விட்டார். அவருக்குப் பின்னால் நிற்கிறார்களே, பட்டம் பெற்றவர்கள், புள்ளிவிவரம் அடுக்குபவர்கள், கம்பெனிகளின் கருணையில் கட்டுரை தீட்டுபவர்கள் — அவர்கள் இவ்வளவு பாமரத்தனமாகப் பேச மாட்டார்கள். அவர்களுடைய வாதம் மெருகேறியது. ‘ஐயா, உலகம் எத்தனையோ முறை குளிர்ந்திருக்கிறது, எத்தனையோ முறை காய்ந்திருக்கிறது. பனியுகம் வந்தது, போயிற்று. அந்தப் பனியை உருக்கியவர் யார்? அன்று மோட்டார் ஓடிற்றா? ஆலை புகைந்ததா? அன்று இயற்கை செய்தது. இன்றும் இயற்கையே செய்கிறது. நிலக்கரியை ஏன் பழிக்கிறீர்? எண்ணெயை ஏன் இழிக்கிறீர்?’

நம் கூட்டங்களிலும் சீட்டில் எழுதி அனுப்பப்படும் கேள்விதான் இது. அறியாமல் கேட்போர்க்கு அமைதியாக விளக்குவது நம் கடமை. அறிந்தே கேட்போர் இருக்கிறார்களே, அவர்களை எண்ணித்தான் இன்று பேனாவை எடுத்தேன்.

பனியுகம் என்னும் சாட்சியை அவர்கள் அழைத்திருக்கிறார்கள். நல்லது. கூண்டில் ஏறட்டும். ஆனால், ‘நான் வந்தேன், போனேன்’ என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு இறங்கிப் போக நாம் விடப் போவதில்லை. எப்போது வந்தாய்? எதுவரை பரந்தாய்? எதனால் வந்தாய்? எதனால் போனாய்? முழு வாக்குமூலமும் தேவை.

முதலில் ஒன்று கேட்போம். பனியுகம் ஒன்று இருந்தது என்பதை இவர்களுக்குச் சொன்னவர் யார்? எந்தப் புராணமும் சொல்லவில்லை. ஐரோப்பியரின் வேதநூல் வெள்ளத்தைச் சொல்கிறது, பனியுகத்தைச் சொல்லவில்லை. அரசர்களின் ஏடுகளில் அது இல்லை. பின் எங்கிருந்து வந்தது இந்தச் செய்தி?

கல்லிலிருந்து வந்தது. கல்லைப் பார்த்த கண்ணிலிருந்து வந்தது.

சுவிட்சர்லாந்திலே ஜூரா என்றொரு மலைத் தொடர் உண்டு. சுண்ணாம்புப் பாறையாலான மலை. நியூஷாட்டெல் நகருக்கு மேலே அந்தச் சுண்ணாம்புச் சரிவில், வீடு போன்ற ஒரு கருங்கல் கிடக்கிறது. தேரைக் கல் என்று பொருள்படும் பெயர் அதற்கு. அந்த மலையில் கருங்கல் விளைவதில்லை. அக்கல்லின் இனம் இருப்பது நூறு கிலோமீட்டருக்கு அப்பால், மோன் பிளாங் மலைக் கூட்டத்தில். நடுவே பள்ளத்தாக்குகள், பரந்த சமவெளி, ஏரிகள். அத்தனையையும் தாண்டிக் கல் எப்படி வந்தது? யானைக் கூட்டத்தால் தூக்க முடியாத கல்லைத் தூக்கி வந்த தோள் எது?

வெள்ளம் என்றார்கள். வேதநூல் கூறும் பெருவெள்ளம் புரட்டிப் போட்ட கல் என்றார்கள். அதைச் சொன்னவர்கள் பாதிரிமார்கள் மட்டுமல்லர். ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் பக்லாண்டு 1823இல் வெள்ளத்தின் எச்சங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். (1840இல் அவரே பனியின் பக்கம் வந்து சேர்ந்தார், அது அவருக்குப் பெருமை.) வேறு சிலர், கடலில் மிதந்து வந்த பனிக்குன்றுகள் கல்லைச் சுமந்து வந்து உதிர்த்தன என்றார்கள்.

அதே நாட்டில் பாஞ் பள்ளத்தாக்கில், லூர்தியே என்னும் சிற்றூரில், ழான்-பியர் பெரோடன் என்றொருவர் வாழ்ந்தார். மலையாட்டை வேட்டையாடி வயிறு வளர்த்த மனிதர். பனியாறு எப்படி நகரும், எப்படிக் கல்லைத் தோளில் சுமக்கும், அடியில் சிக்கிய கல்லை உளியாகக் கொண்டு பாறையை எப்படிக் கீறும் என்பதெல்லாம் அவருக்குப் பழகிய பாடம். பனியாறு இன்று இருக்கும் இடத்திலும் அந்தக் கீறல். பனியாறே இல்லாத பள்ளத்திலும் அதே கீறல்! கல்வி இல்லாதவர் கணக்குப் போட்டார்: இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும், மார்ட்டிஞி ஊர் வரையிலும் ஒரு காலத்தில் பனியாறு நிரம்பிக் கிடந்திருக்க வேண்டும்.

1815ஆம் ஆண்டு, உப்புச் சுரங்கத்தின் இயக்குநரான ஷார்பந்தியே என்ற அறிஞர் பெரோடனின் குடிசையில் ஓரிரவு தங்கினார். அடுப்பங்கரையில் வேடர் தம் கருத்தைச் சொன்னார். அறிஞர் கேட்டார், ஆராயவும் தகுதியற்ற அதீதம் என்று ஒதுக்கி விட்டார். கெட்ட மனிதர் அல்லர், நல்ல அறிஞர். ஆனால் அடுப்பங்கரையிலிருந்து ஓர் உண்மை புறப்படக் கூடும் என்று எண்ண அவருக்கு அன்று இயலவில்லை.

மூன்றாண்டு சென்றது. 1818இல் ஜியெத்ரோ பனியாறு இடிந்து விழுந்து ஆற்றை அடைத்தது. பின்னால் பெரிய ஏரி தேங்கியது. அது உடைந்தால் பள்ளத்தாக்கே அழியும். வெனெட்ஸ் என்ற பொறியாளர் தொழிலாளரோடு சேர்ந்து பனிக்கட்டிக்குள் குடைந்து கால்வாய் வெட்டினார்; ஏரி நீரில் ஒரு பகுதியை வடித்தார். இருந்தும் ஜூன் 16ஆம் நாள் அணை உடைந்தது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். வடிக்காமல் விட்டிருந்தால் மாண்டவர் தொகை எங்கே போய் நின்றிருக்குமோ! அந்தப் பொறியாளரிடமும் பெரோடன் தம் கருத்தைச் சொன்னார். பனியோடு மல்லுக்கட்டியவர் அல்லவா வெனெட்ஸ்? அவர் கேட்டார், நடந்து நடந்து பார்த்தார், 1829இல் அறிஞர் கூட்டத்தில் எடுத்துரைத்தார். ஷார்பந்தியே மறுப்பதற்காகவே ஆராயப் புகுந்து, மறுக்க முடியாமல் மாறினார். 1834இல் லூசெர்ன் நகருக்குத் தம் கட்டுரையைப் படிக்கப் போகும் வழியில், ஒரு மரம் வெட்டியைச் சந்திக்கிறார். வழியோரத்துக் கருங்கல்லைக் காட்டி அந்த ஏழை சொல்கிறார்: இது கிரிம்சல் மலைக் கல், பனியாறு கொண்டு வந்தது, அந்தப் பனியாறு முன்பு பெர்ன் நகர் வரை நீண்டிருந்தது என்று.

மரம் வெட்டிக்குத் தெரிந்தது, மாமேதைகளுக்குத் தெரியவில்லை!

ஷார்பந்தியேயிடம் பாடம் கேட்டவர் லூயி அகாசி. மீன் கற்படிவ ஆராய்ச்சியில் புகழ் பெற்றவர், முப்பது வயது. 1837 ஜூலை 24ஆம் நாள் நியூஷாட்டெல் கூட்டத்தில், மீனைப் பற்றிப் பேசுவார் என்று காத்திருந்த அவையில் பனியைப் பற்றிப் பேசினார். வடதுருவத்திலிருந்து மத்தியதரைக் கடல் வரை பனி போர்த்திக் கிடந்தது என்றார். அவை கொதித்தது. மீனுக்கே திரும்பிப் போ என்று ஹம்போல்ட் போன்ற பெருமகனே கடிதம் எழுதினார். அகாசி திரும்பவில்லை, 1840இல் நூல் வெளியிட்டார். வெனெட்ஸுக்கும் ஷார்பந்தியேவுக்கும் அதைக் காணிக்கையாக்கினார் என்பதை மறைக்காமல் சொல்லி விடுகிறேன். ஆனாலும் பனியுகம் என்றால் உலகம் உச்சரிக்கும் பெயர் அகாசி. பெரோடனின் பெயரைக் காப்பாற்றித் தந்தவர், முன்பு அவரை ஒதுக்கிய அந்த ஷார்பந்தியேதான். 1841இல் வந்த தம் நூலில் நடந்ததை நடந்தபடியே எழுதி வைத்தார்.

அகாசியின் பிற்காலக் கதையை இங்கே சொல்லாமல் போக முடியாது. அமெரிக்கா சென்று ஹார்வர்டில் பேராசிரியரானார். மனித இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை, கறுப்பர் வேறு பிறப்பு என்று போதித்தார். 1850இல் தென் கரோலினாவில் அடிமைகளாக இருந்த ஆண்களையும் பெண்களையும் ஆடை களைந்து நிறுத்திப் படம் பிடிக்கச் செய்தார், தம் கொள்கைக்குச் சான்று தேடி! கல்லின் பிறப்பிடத்தைக் கண்டறிந்த கண், மனிதரின் பிறப்பிடத்தைக் காண மறுத்தது. டார்வின் கொள்கையை எப்படியும் வீழ்த்த வேண்டும் என்ற வெறி அவருக்கு. பனி உலகையே மூடி எல்லா உயிரையும் அழித்தது, பின்னர் கடவுள் புதிதாகப் படைத்தார் என்று காட்டினால் டார்வின் வீழ்வாரே! அதற்காக 1865இல் பிரேசிலுக்குப் பயணம் போனார். அமேசான் சமவெளியிலும் பனியாற்றின் சுவடு கண்டேன் என்றார். வெப்ப நாட்டுத் தாழ்நிலத்தில் பனியாறாம்! அப்படியொன்று அங்கே இருந்ததே இல்லை. முடிவை முதலில் எழுதி வைத்துக்கொண்டு சான்று தேடப் போகிறவன், முன்பு தானே கண்ட உண்மையைக்கூட இப்படித்தான் கெடுப்பான். இன்றைய கம்பெனி வக்கீல்களுக்கு இவர் பாட்டனார்.

பனி பரந்த எல்லை படிப்படியாகத் தெளிவாயிற்று. வட அமெரிக்காவில் கனடாவின் பெரும்பகுதியை மூடி, நியூயார்க் வரை இறங்கியது. அந்நகரின் நடுப்பூங்காவில் பனி கீறிய பாறைகளை இன்றும் காணலாம். லாங் தீவின் முதுகெலும்பாகக் கிடக்கும் மேடு, பனி தள்ளிக் குவித்த மண்ணும் கல்லும். மிகத் தடித்த இடத்தில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் உயரப் பனி. ஸ்காண்டிநேவியாவை அழுத்திய பனி போய்ப் பல்லாயிரம் ஆண்டு ஆகியும், பாரம் இறங்கிய தரை இன்னும் நிமிர்ந்து கொண்டிருக்கிறது. பொத்னியா வளைகுடாக் கரையில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நிலம் உயர்கிறது.

எதுவரை என்பதற்கு விடை கிடைத்தது. எப்போது, எதனால் என்பதற்கு?

இங்கே இன்னொரு மனிதர் வருகிறார். கல்லூரிப் படிப்பை முடிக்காதவன் என்று என்னைப் பார்த்து ஏளனம் பேசுவோர் உண்டு. அவர்களுக்காகவே இவரைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெயர் ஜேம்ஸ் குரோல். ஸ்காட்லாந்தில் 1821இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பதின்மூன்று வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆலைக் கருவி பழுது பார்த்தார். தச்சு வேலை செய்தார். முழங்கையில் நோய் கண்டதும் அதுவும் போயிற்று. தேயிலைக் கடை வைத்தார். மது விற்காத விடுதி நடத்தினார். குடிகாரர் நிறைந்த ஊரில் அது எப்படி நடக்கும்? காப்பீட்டுக் கம்பெனிக்கு ஆள் பிடித்தார். கடைசியில் 1859இல் கிளாஸ்கோ நகரின் ஆண்டர்சன் கல்லூரியில் காவலாளி வேலை கிடைத்தது. சம்பளம் சொற்பம், ஆனால் கட்டடத்துக்குள் நூலகம் இருந்தது!

காவலாளி படித்தார். பூமி ஞாயிற்றைச் சுற்றும் பாதை சில காலம் வட்டத்தை ஒட்டியும் சில காலம் நீண்டும் மாறுகிறது என்பதை வானநூலார் கணக்கிட்டு வைத்திருந்தனர். அந்த மாற்றம் குளிரையும் பனியையும் கூட்டும். பரந்த வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். அதனால் மேலும் குளிரும் என்று காவலாளி கோத்தார். 1864இல் கட்டுரை அச்சேறியது. எழுதியவர் பேராசிரியர் என்றே பலர் எண்ணினர். அறிவுலகம் பின்னர் அவரை அழைத்து மரியாதை செய்தது. 1876இல் ராயல் சொசைட்டி உறுப்பினராக்கியது. அவர் கணக்கில் பிழையும் இருந்தது. கடைசிப் பனியுகம் 80,000 ஆண்டுக்கு முன்பே முடிந்ததென்றார். நயாகரா அருவி பாறையை அரித்துப் பின்வாங்கிய அளவோ, அது மிக அண்மையில் முடிந்ததென்று காட்டியது. அந்தப் பிழைக்காக முழுக் கொள்கையையும் தூக்கி எறிந்தார்கள். அவர் 1890இல் மறைந்தார்.

விட்ட இடத்திலிருந்து எடுத்தவர் ஒரு கைதி. செர்பியாவின் மிலான்கோவிச். 1914இல் மணம் முடித்த புதிதில், போர் மூண்டதும், எதிரி நாட்டான் என்று ஆஸ்திரிய அரசு அவரைக் கைது செய்து கோட்டையில் அடைத்தது. பிறகு புதாபெஸ்ட் நகரில் காவலுக்குட்பட்டு வாழ அனுமதித்தது. அங்கேயிருந்த கழகத்து நூலகத்தில் அமர்ந்து அவர் கணக்கிட்டார். இன்றைய எந்திரம் ஏதுமில்லை. பென்சில், காகிதம், பொறுமை. பூமியின் சாய்வு 41,000 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது. பம்பரம் தலை சுற்றுவது போன்ற ஆட்டம் ஏறத்தாழ 23,000 ஆண்டுக்கு ஒரு சுற்று. பாதையின் நீட்சி 1,00,000 ஆண்டளவில் மாறுகிறது. குரோல் குளிர்காலத்தைப் பார்த்தார். மிலான்கோவிச் கோடையைப் பார்த்தார். வடக்கே கோடை வெயில் குறைந்தால், சென்ற ஆண்டுப் பனி உருகாமல் நிற்கும். அதன்மேல் இந்த ஆண்டுப் பனி விழும். அப்படித்தான் பனியுகம் பிறக்கும். 1941இல் அவருடைய பெருநூல் அச்சாகிக் கொண்டிருந்தபோது ஜெர்மானியக் குண்டு பெல்கிரேடில் விழுந்து அச்சகத்தைச் சிதைத்தது. நூல் தப்பியது. 1958இல் அவர் மறைந்தபோதோ, அறிஞர்களில் பெரும்பாலோர் அக்கொள்கையைக் கைகழுவியிருந்தனர்.

ஏன் கைகழுவினர்? நிலத்தில் கிடைத்த சான்றை மட்டும் நம்பினர். ஆல்ப்ஸ் மலையை ஆராய்ந்து பெங்க், புரூக்னர் இருவரும் 1909இல் முடித்த பெருநூல், பனியுகங்கள் நான்கு என்றது. நான்கு என்பது அரை நூற்றாண்டுக்குப் பள்ளிப் பாடமாயிற்று. ஆனால் நிலம் என்பது சிலேட்டுப் பலகை, தோழர்களே! பின்னால் வந்த பனி, முன்னால் வந்த பனியின் எழுத்தைத் துடைத்து விடும். துடைக்கப்படாத ஏடு வேறிடத்தில் இருந்தது — ஆழ்கடலின் அடிச் சேற்றில்.

கடலில் மிதக்கும் கண்ணுக்கெட்டாச் சிற்றுயிர்கள் செத்து, அவற்றின் ஓடுகள் அடியில் படிகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர். அந்த ஓட்டில் பிராணவாயு இருக்கிறது. எடை 16 உள்ள அணுவும், எடை 18 உள்ள அணுவும். இலேசான அணு கொண்ட நீர் எளிதில் ஆவியாகும். பனியாக விழுந்து நிலத்தில் உறைந்து விட்டால் கடலுக்குத் திரும்பாது. ஆகவே பனியுகத்தில் கடல் கனத்த அணு மிகுந்ததாகிறது, ஓடும் அப்படியே. ஓட்டை அளந்தால், அன்று உலகில் எவ்வளவு பனி கிடந்ததென்று தெரியும்! 1955இல் எமிலியானி இப்படி அளந்து, நான்கு என்ற கணக்கை உடைத்தார். 1967இல் ஷாகிள்டன், அந்த அளவு பெரிதும் காட்டுவது பனியின் அளவையே என்று நிறுவினார். சேற்றுக்குள் புதைந்த காந்தத் துகள்கள், பூமியின் வடக்கும் தெற்கும் இடம் மாறிய 7,80,000 ஆண்டுக்கு முந்தைய அடையாளத்தைக் காட்ட, காலக்கணக்கும் கைக்கு வந்தது. 1976இல் ஹேஸ், இம்ப்ரி, ஷாகிள்டன் மூவரும் இந்துமாக் கடலின் தென்கோடியில் எடுத்த சேற்றுத் தண்டுகளில் 4,50,000 ஆண்டுக் கணக்கைப் படித்தனர். அங்கே இருந்தன மூன்று தாளங்கள்: ஒரு லட்சம், 41,000, 23,000. கைதி போட்ட கணக்கு! காவலாளி கண்ட கனவு!

பனியுகங்கள் நான்கல்ல, கடந்த 26 லட்சம் ஆண்டுகளில் ஏறத்தாழ ஐம்பது முறை பனி கூடிக் குறைந்திருக்கிறது. இன்று கல்லையே கேட்கவும் வழி உண்டு. பனி விட்டுச் சென்ற பாறையின் மேல் விண்ணிலிருந்து வரும் கதிர்கள் பட்டு, பெரிலியம் என்னும் தனிமத்தின் அரிய அணுக்கள் சேர்கின்றன. அவற்றை எண்ணினால் பாறை வெளிச்சத்துக்கு வந்த காலம் தெரியும். கடைசிப் பனியின் உச்சம் ஏறத்தாழ 26,000 முதல் 19,000 ஆண்டுகளுக்கு முன்.

சாட்சி யார், எப்படி உருவானார் என்பதைப் பார்த்து விட்டோம். இனி எதிர்த் தரப்பார் செவி சாய்க்கட்டும்.

சாட்சி சொல்கிறார்: நான் காரணமின்றி வந்தவன் அல்லன். வெயிலின் கணக்குப்படி வந்தேன், கணக்குப்படி போனேன். நல்லது, அதே கணக்கை இன்றைக்குப் போடுவோம். வடக்கே கோடை வெயில் உச்சத்தில் இருந்தது சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன். அன்றிலிருந்து அது குறைந்து வந்திருக்கிறது. இயற்கைதான் நடத்துகிறதென்றால், இன்று உலகம் மெல்ல மெல்லக் குளிர வேண்டும்! ‘இயற்கை, இயற்கை’ என்று கூவுவோரே, உங்கள் இயற்கை குளிர் என்கிறது. வெப்பமானி சூடு என்கிறது. சூட்டை ஏற்றிய கை எது?

‘1970களில் விஞ்ஞானிகளே இன்னொரு பனியுகம் வருமென்று பயமுறுத்தினார்களே’ என்று பழைய பத்திரிகைத் துணுக்குகளை ஆட்டுகிறார்கள். நான் சொன்ன அந்த 1976ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்துப் பார்த்தார்களா? மனிதச் செயலின் விளைவைக் கணக்கில் சேர்க்காவிட்டால், வரும் பல்லாயிரம் ஆண்டுகளின் போக்கு பனியை நோக்கியது என்கிறது அது. ‘மனிதச் செயலைச் சேர்க்காவிட்டால்’ — இந்தச் சொற்களைக் கத்தரித்து விட்டுத்தான் மிச்சத்தை ஆட்டுகிறார்கள்.

அடுத்தது, கரியமில வாயு. அந்த வாயு கூடினால் உலகம் சூடேறும் என்று முதன்முதலாகக் கணக்கிட்டவர் ஸ்வீடன் நாட்டு அரேனியஸ்; 1896இல். எதற்காகக் கணக்கிட்டார் தெரியுமா? பனியுகம் ஏன் வந்தது என்று கண்டறிய! அந்த வாயு பாதியானால் 4, 5 டிகிரி குளிரும் என்றார். அதே தாளில், இரட்டித்தால் 5, 6 டிகிரி சூடேறும் என்றும் எழுதினார். இன்றைய எச்சரிக்கை பனியுக ஆராய்ச்சிக்குப் பிறந்த குழந்தை. தாயைச் சாட்சிக்கு அழைத்து மகளைப் பொய்யாக்கப் பார்க்கிறார்கள்!

அண்டார்க்டிகாவின் பனியைத் துளைத்துத் தண்டு தண்டாக எடுத்திருக்கிறார்கள். அதன் குமிழ்களில் பழைய காற்று அடைபட்டிருக்கிறது. வோஸ்டாக் தண்டு 4,20,000 ஆண்டு. ஐரோப்பியர் பின்னர் எடுத்த தண்டு 8,00,000 ஆண்டு. பத்து லட்சத்தில் 180 பங்கு கரியமில வாயு இருந்தால் பனியுகம்; 280 இருந்தால் இதமான காலம். அந்த எட்டு லட்சம் ஆண்டில் ஒருமுறைகூட 300ஐத் தாண்டிப் போனதில்லை. 1958இல் ஹவாய் மலைமேல் அளக்கத் தொடங்கியபோது 315. 2024இல் 420க்கும் மேல்.

உடனே எழுகிறார் ஒரு வக்கீல்: ‘பனித் தண்டில் முதலில் ஏறுவது வெப்பம், வாயு பின்னால்தான் ஏறுகிறது. ஆகவே வாயு விளைவு, காரணமன்று.’ வெயில்தான் தொடங்கி வைத்தது என்று நாமும் சொல்கிறோமே! ஆனால் வடக்கே கோடை வெயில் கூடும்போது தெற்கே அப்படிக் கூடுவதில்லை. இருந்தும் இரு துருவத்திலும் பனியுகம் சேர்ந்தே முடிந்தது எப்படி? இளகிய கடல் வெளியிட்ட வாயு உலகமெங்கும் பரவி, தொடங்கிய சூட்டைப் பெருக்கியது. ஒரு வீட்டில் மின்னல் விழுந்து தீப்பற்றியது. பிறகு உள்ளேயிருந்த எண்ணெய்க் குடம் உடைந்து தீ பெருகிற்று. இதைக் காட்டி, ‘எண்ணெய் பிறகுதானே வந்தது, ஆகவே நான் குடம் குடமாக எண்ணெய் ஊற்றினால் எரியாது’ என்று ஒருவன் வாதிட்டால், அவனை வக்கீல் என்பீர்களா, வேறு பெயரால் அழைப்பீர்களா?

வேகத்தையும் பாருங்கள். பனியுகத்தின் உச்சத்திலிருந்து உலகம் ஏறத்தாழ 6 டிகிரி சூடேறப் பத்தாயிரம் ஆண்டளவு பிடித்தது. இன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால், 2011 முதல் 2020 வரையுள்ள பத்தாண்டின் சராசரி 1.1 டிகிரி மேலே. மாட்டு வண்டியும் ஒரு நாள் மதுரை போய்ச் சேர்ந்தது என்பதற்காக, கண்மூடிப் பாயும் லாரியை மாட்டு வண்டி என்று சொல்ல முடியுமா?

பனி பெருகியபோது கடல் என்ன ஆயிற்று? நீரெல்லாம் நிலத்தில் உறைந்து கிடந்ததால், கடல் இன்றைக்கு இருப்பதை விட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்து கிடந்தது. தமிழகத்துக்கும் இலங்கைக்கும் நடுவே இன்று படகு போகும் பாக் நீரிணை அன்று தரை. கால் நனையாமல் நடந்து போகலாம். கடல் கொண்ட நாட்டைப் பற்றி நம் மேடைகளில் உருகிப் பேசுவோர்க்கும் ஒரு சொல்: கடல் ஏறியது உண்மை, கரையை விழுங்கியது உண்மை, அதற்காக இந்துமாக் கடலில் இல்லாத கண்டமொன்றைப் படைக்க வேண்டியதில்லை. உள்ள சான்றே நமக்குப் போதும்.

கடல் ஏறிய விதத்தைக் கவனியுங்கள். எப்போதும் மெல்ல ஏறவில்லை. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன், 500 ஆண்டுகளுக்குள்ளாகவே 12 மீட்டருக்கு மேல் ஏறியிருக்கிறது. பார்படோஸ், தாஹிதி தீவுகளின் பவழப் பாறைகள் அதைச் சொல்கின்றன. அதற்கும் முந்தைய இதமான காலம் ஒன்று. 1,25,000 ஆண்டுகளுக்கு முன். தொழில் யுகத்துக்கு முந்தைய நிலையை விட ஒரு டிகிரி அளவே மிகுந்திருந்த சூட்டில், காலப்போக்கில் கடல் இன்றைக்கு இருப்பதை விட 5 முதல் 10 மீட்டர் வரை உயர்ந்து நின்றது. அந்த ஒரு டிகிரியை நாம் எட்டியாயிற்று. காவிரிக் கழிமுகத்தில், வேதாரண்யம் முதல் நாகை வரை, கடலோடு கடலாகத் தாழ்ந்து கிடக்கும் வயலையும் உப்பளத்தையும் மீனவர் குப்பத்தையும் எண்ணிப் பாருங்கள். வங்காளத்துக் கழிமுகத்தை எண்ணிப் பாருங்கள். ‘முன்பும் கடல் ஏறியதுதானே’ என்கிறார்கள். ஏறியது, அன்று கரையில் இருந்த சில வேடர்கள் தோளில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்கள். இன்று கரையில் இருப்பவை நகரங்கள். எந்த உழவன் எங்கே நடப்பான்? யாருடைய நிலத்துக்கு நடப்பான்?

இவை எல்லாம் அந்த எண்ணெய்ப் பிரபுக்களுக்குத் தெரியாமலா போயிற்று? 1977 ஜூலையில் எக்ஸான் கம்பெனியின் நிர்வாகக் குழு முன் அதன் சொந்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் நின்று, எரிபொருள் எரிப்பதால் உலகம் சூடேறும் என்பதே அறிவியலாரின் பொதுக் கருத்து என்று விளக்கினார். மறு ஆண்டு எழுதிக் கொடுத்த சுருக்கத்தில், எரிபொருள் கொள்கையை மாற்றுவது பற்றிக் கடினமான முடிவெடுக்க மனித குலத்துக்கு ஐந்து முதல் பத்தாண்டு அவகாசம் உண்டென்றார். அந்தக் கணக்குப்படி அவகாசம் 1988இல் முடிந்தது. 1989இல் எண்ணெய், நிலக்கரி, மோட்டார் கம்பெனிகள் கூடி உலகத் தட்பவெப்பக் கூட்டணி என்ற பெயரில் ஓர் அமைப்பை ஏற்படுத்தின. சூடேற்றத்துக்கு மனிதர் பொறுப்பா என்பதில் ஐயத்தை விதைப்பதே அதன் தொழில். 1995இல் அந்தக் கூட்டணியின் விஞ்ஞானக் குழுவே ஒரு குறிப்பு தயாரித்தது. இது இயற்கையின் செயல் என்போர் கூறும் மாற்று விளக்கங்கள் ஏற்கும்படியாக இல்லை என்று அந்தக் குறிப்பின் ஒரு பகுதி கூறியது. வெளியே அனுப்புவதற்கு முன் அந்தப் பகுதியை மட்டும் நீக்கி விட்டார்கள்.